ஸ்க்ளீரோடெர்மா உள்ளவர்கள் குன்னூரில் கை, கால் ஸ்கேன் எடுக்கலாமா?

எடுக்கலாம், சனிக்கிழமையாக இருந்தால். மூட்டையும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்க்கத் தெரிந்த டாக்டர் கோயம்புத்தூரிலிருந்து அன்றைக்குத்தான் மேலே வருகிறார். மற்ற நாட்களில் நான் போன இந்த ஸ்கேன் சென்டரில் வயிற்று ஸ்கேனும் கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனும்தான். கையை நீட்டிக்கொண்டு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் எழுதுவது சனிக்கிழமை சேவையைப் பற்றி மட்டும்.

நான் கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங் பிளவுஸ், சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம். எனக்கு இருப்பது சிஸ்டமிக் ஸ்க்ளிரோசிஸ், டாக்டர்கள் பேச்சுவாக்கில் ஸ்க்ளீரோடெர்மா என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கி, தோலும் சில சமயம் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய். தொற்றாது. கடைக்கு வரும் பெண்கள் சிலர் என் விரல்களைப் பார்த்துவிட்டு அளவு டேப்பைத் தொடவே யோசிப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ரேனாட் என்ற தொல்லையும் உண்டு. குளிர் பட்டால் விரல் வெளுக்கும், பிறகு நீலமாகும், சூடு ஏறும்போது சிவந்து விண்விண்ணென்று வலிக்கும். மார்கழி, தை மாதத்தில் கோத்தகிரியில் இருந்துகொண்டு ரேனாட்டும் வைத்திருப்பது எப்படி என்று கேட்காதீர்கள்.

ஸ்கேன் வரைக்கும் போனதற்கு என் மிஷின்தான் காரணம். மிஷின் சக்கரத்தைச் சுழற்றும்போது வலது மணிக்கட்டில் நறநறவென்று ஓர் உரசல். காதில் கேட்காது, ஆனால் இடது கையை மேலே வைத்தால் தெரியும். அப்புறம் இரண்டு குதிகாலிலும் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். என்னைப் பார்க்கும் வாதநோய் டாக்டர் மணிக்கட்டில் உள்ளங்கையை வைத்து, கையை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தார். தசைநாண் தன் உறைக்குள் வழுக்கிப் போகாமல் உரசுகிறதாம். தோல் உடம்பு முழுக்க இறுகும் வகையில்தான் இது அதிகம் வருமாம். இந்த உரசல் இருப்பவர்களுக்குச் சிறுநீரகம், இதயம் ஆகியவற்றையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து வீட்டில் பிபி மெஷின் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஸ்கேன் ஏன் என்று அவரிடமே கேட்டேன். கை மடங்கவில்லை என்றால் இந்த நோயில் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மேல் தோல் இறுகியிருக்கலாம். மூட்டுக்குள் வீக்கம் இருக்கலாம். தசைநாணின் உறையில் அழற்சி இருக்கலாம், அல்லது அழற்சி எல்லாம் அடங்கி அந்த உறையே தழும்பாகத் தடித்துப் போயிருக்கலாம். தோலுக்கு அடியில் சுண்ணாம்புக் கட்டி இருக்கலாம். மேலிருந்து தொட்டுப் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி கல்லாகத்தான் இருக்கும், ஏனென்றால் நடுவில் இறுகிய தோல் நிற்கிறது. எனக்கு ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் இரண்டும் பெரிதாக ஏறவில்லை, அதை வைத்தும் முடிவு கட்ட முடியவில்லை. எதுவென்று தெரியாமல் மருந்து கொடுப்பதில்தான் ஆபத்து. மற்ற மூட்டுவலிக்காரர்களுக்குக் கொடுப்பதுபோல் ஸ்டீராய்டை அள்ளிக் கொடுக்கக் கூடாது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினம் 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால், அதுவும் தோல் வேகமாக இறுகிவரும் ஆரம்ப வருடங்களில், ரத்த அழுத்தம் திடீரென்று எகிறிச் சிறுநீரகம் பழுதாகும் அபாயம் கூடுகிறது. அழற்சி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிட்டு மருந்து தொடலாம் என்றார். சரி என்றேன்.

இதற்கு முன்னால் கீழே ஒரு பெரிய ஊரில் ஸ்கேன் எடுத்திருந்தேன். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஏசி அறை, அதிலும் நேராகக் காற்று படும் கட்டில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததுபோல் ஜில்லென்று ஜெல்லைப் பிழிந்தார்கள். பிழிந்த அந்த நிமிஷமே மூன்று விரல்கள் வெளுத்துவிட்டன. “டாக்டர், விரல் செத்துப் போச்சு” என்றேன். “அசையாம இருங்கம்மா” என்ற பதில் வந்தது. தோல்மேல் வைத்துப் பார்க்கும் கருவியான புரோப்பை அழுத்தி ஒரு தேய், இரண்டு தேய், முடிந்தது. குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட். மணிக்கட்டு மட்டும் அதைப் படிக்காமல் நறநறத்துக்கொண்டே இருந்தது.

இப்போது குன்னூருக்கு வருகிறேன். சென்டர் மாடியில் இருக்கிறது. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம்தான். குதிகால் வலிக்காரர்களை வரவழைக்கும் இடத்தில் இப்படி ஒரு படிக்கட்டு. உள்ளே கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை, அதற்குக் கீழே நாற்காலிகள். 1994ஆம் வருடச் சட்டத்தின்படி எல்லா ஸ்கேன் சென்டரிலும் மாட்ட வேண்டிய பலகை அது. அதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நிறைய நேரம் கிடைக்கும், ஏனென்றால் பதினொரு மணி என்று டோக்கன் கொடுத்தால் பன்னிரண்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார் டாக்டர், அதனால் கோபப்பட முடியவில்லை. கீழே டீக்கடை உண்டு. வர்க்கியை டீயில் ஊறவைத்துத்தான் நான் சாப்பிட முடிந்தது, என் வாய் அவ்வளவுதான் திறக்கும். அதுவும் இந்த நோயின் கைங்கரியம்.

உண்மையில் இந்த சென்டருக்கு நான் மதிப்பெண் கொடுப்பது டாக்டரை விடவும் அங்கே உதவிக்கு இருக்கும் அக்காவுக்கு. டோக்கன் சீட்டில் நோயின் பெயரைப் பார்த்ததும், என் முறை வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே உள்ளே கூப்பிட்டு, ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் என் கையை விடச் சொன்னார். “உங்களுக்கு விரல்ல சூடு சரியாத் தெரியாதுல்ல, அதான் அக்கா” என்றார். நான் அவரை அக்கா என்று கூப்பிட, அவர் என்னை அக்கா என்று கூப்பிட, யாருக்கு வயது அதிகம் என்று கடைசி வரைக்கும் முடிவாகவில்லை. ஜெல் பாட்டிலை ஒரு எவர்சில்வர் சொம்பில் வெந்நீர் ஊற்றி அதற்குள் நிறுத்தி வைத்திருந்தார். விரல் நுனியில் நிறம் திரும்பிய பிறகுதான் டாக்டரை அழைத்தார்.

இது உபசாரம் மட்டுமில்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் புரிந்தது. அழற்சி இருக்கும் இடத்தில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களில் ஓட்டம் கூடும். அதைத்தான் பவர் டாப்ளர் என்ற ஸ்கேன் முறை ஆரஞ்சு நிறப் பொட்டுகளாகத் திரையில் காட்டுகிறது. குளிர்ந்து சுருங்கிய கையில் ரத்த ஓட்டமே குறைந்துவிட்டால், அழற்சி இருந்தாலும் பொட்டு தெரியாமல் போகலாம். புரோப்பை அழுத்தினாலும் அப்படியே, குழாய் நசுங்கி நிறம் மறைந்துவிடும். பழைய ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. “அன்னைக்கு நிஜமாவே இல்லாம இருந்திருக்கலாம்மா. கை ஜில்லுனு இருந்ததாலயும் இருக்கலாம்” என்றார். கடைசியாக வலி மாத்திரை எப்போது போட்டீர்கள் என்றும் கேட்டார். அதுவும் அழற்சியைத் திரையில் அடக்கிக் காட்டிவிடுமாம்.

கைக்கு அவர் எடுத்தது, ஹாக்கி மட்டை மாதிரி வளைந்த ஒரு சின்னப் புரோப். வயிறு பார்க்க 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலி அனுப்பும் புரோப் போதும். தோலுக்கு அடியிலேயே ஓடும் தசைநாணுக்கு 10க்கு மேல் வேண்டும், விரல்களுக்கு 15, 18 என்று போனால் இன்னும் தெளிவு. நீங்கள் வேறு ஊரில் எடுப்பதாக இருந்தால், எத்தனை மெகாஹெர்ட்ஸ் புரோப் இருக்கிறது என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நிறைய ஜெல்லைக் கொட்டி, புரோப் தோலில் படுகிறதா இல்லையா என்கிற அளவுக்கு அதன்மேல் மிதக்க விட்டார்.

திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். தசைநாண் குறுக்குவெட்டில் ஒரு வெள்ளை முட்டையாகத் தெரிந்தது, அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். நல்ல கையில் இந்த வளையம் இருக்காது, இருந்தாலும் இழை அளவுதான். டாப்ளர் போட்டதும் வளையத்துக்குள் ஆரஞ்சுப் பொட்டுகள் மினுக்கின. விரலை நிமிர்த்தும் தசைநாண்களின் உறையில் அழற்சி. இந்தப் பொட்டுகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பு போடுவார்களாம், எனக்கு 2. சட்டென்று முடிவுக்கு வந்துவிடவும் இல்லை. ஒலி நேராகப் போய் மோதாமல் சாய்வாகப் போனால் நல்ல தசைநாணும் கறுத்துத் தெரியும், அதனால் புரோப்பை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, நீளவாக்கிலும் குறுக்காகவும் பார்த்தார். எப்படிச் சாய்த்தாலும் போகாத கறுப்பைத்தான் எழுதினார்.

இடது கையில் கதை வேறு. அங்கே உறை கறுக்கவில்லை, வெளுத்துத் தடித்திருந்தது. டாப்ளரில் ஒரு பொட்டு கிடையாது. விரலை மடக்கும் தசைநாணை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டை ஒன்று விரலின் அடிப்பகுதியில் உண்டு, அதுவும் தடிப்பு. “இது எரியுற இடம் இல்லை, இறுகிப்போன இடம்” என்றார். இத்தனை நாளும் நான் இரண்டு கைக்கும் ஒரே தைலத்தைப் பூசி, ஒரே வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தேன். வலது கைக்கு மருந்து தேவை. இடது கைக்கு மருந்தை விடப் பயிற்சிதான் முக்கியம், விரலை நீட்டி மடக்கி, இருக்கும் அசைவாவது போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த ரத்தப் பரிசோதனையும் எனக்கு இதைச் சொல்லவில்லை. கட்டை விரல் நுனியில் ஊசி குத்தியதுபோல் வலிக்கும் ஒரு மேடும் இருந்தது. நானே பழைய ஊசிக்குத்துக் காய்ப்பு என்று விட்டிருந்தேன். ஸ்கேனில் பளிச்சென்ற வெள்ளை, அதற்குப் பின்னால் கறுப்பு நிழல். சுண்ணாம்பு படிவு.

பிறகு கால். இங்கே அவர் பார்த்தது தசைநாணும் ஜவ்வும் எலும்பில் போய் ஒட்டும் இடங்கள். குதிகாலின் பின்பக்கம், பாதத்துக்கு அடியில், முழங்கால் சில்லுக்கு மேலேயும் கீழேயும். முதுகெலும்பு வாதம் உள்ளவர்களுக்காக 2002இல் கிளாஸ்கோ நகரத்தின் பெயரில் ஓர் அளவு முறை வந்தது. அதன்படி குதிகால் தசைநாண் 5.29 மில்லிமீட்டர், பாதத்தடி ஜவ்வு 4.4, முழங்கால் சில்லுக்கு மேலே 6.1, கீழே 4 என்ற கணக்கை எட்டினால் தடிப்பு. என்னுடைய முழங்கால் இரண்டும் சுத்தம். இடது குதிகால் 6.3, பாதத்தடி ஜவ்வு 4.9, வலதும் கிட்டத்தட்ட அதுவே. அந்த முறையில் டாப்ளருக்கு மதிப்பெண் கிடையாது, இவர் அதையும் சேர்த்துப் பார்த்தார். அதற்குக் காலைத் தளர்த்திப் போடச் சொன்னார், தசைநாண் விறைத்து நின்றால் அதற்குள் ஓடும் ரத்தம் தெரியாதாம். எலும்பை ஒட்டினாற்போல, இரண்டு மில்லிமீட்டருக்குள், இடது குதிகாலில் மட்டும் ஆரஞ்சு தெரிந்தது.

எனக்குப் பிடித்தது அடுத்து அவர் கேட்ட கேள்வி. “பெடல் மிஷினா, மோட்டாரா?”

பெடல் என்றேன். நாள் முழுக்கக் குதிகாலை ஊன்றி ஊன்றி மிதிப்பவர்களுக்கு, வயது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, இந்த நோயே இல்லாமலும் அங்கே தடிப்பும் எலும்பு முள்ளும் வரும். அதனால் தடிப்பை மட்டும் வைத்து எல்லாப் பழியையும் ஸ்க்ளீரோடெர்மா மேல் போட முடியாது, இடது பக்கத்து ஆரஞ்சைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டிலும் எழுதினார். முன்பு ஒருவர் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் இந்த டாக்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பின்பக்கத் தசைநாணுக்குப் போட்டால் அது அறுந்துபோகும் வாய்ப்பு உண்டு, உங்கள் வாதநோய் டாக்டரைக் கேட்காமல் யாரையும் அங்கே ஊசியோடு நெருங்க விடாதீர்கள் என்றார். மிஷினுக்கு இப்போது மோட்டார் மாட்டிவிட்டேன். கரண்ட் போனால் பழைய கதைதான், மலையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்.

கட்டணம் இரண்டு கை, இரண்டு கால், முழங்கால் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். கீழே அந்த ஏசி அறையில் மணிக்கட்டுக்கு மட்டும் கொடுத்ததோடு பார்த்தால் இது அதிகமில்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு, கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு, இது சின்னத் தொகையும் இல்லை. ஜிபே உண்டு, சிக்னல் கிடைத்தால். கையில் பணமாகவே எடுத்துப் போவது நல்லது.

குறை சொல்ல வேண்டியது ரிப்போர்ட்டைத்தான். டாக்டர் வாயால் அவ்வளவு அழகாகத் தமிழில் சொன்னதெல்லாம் தாளில் ஆங்கிலத்தில் எட்டு வரியாகச் சுருங்கிவிட்டது. எந்த விரல், எந்தப் பக்கம் என்று தமிழில் நாலு வரி கூடவே கொடுத்தால் பிசியோதெரபி செய்பவரிடம் காட்டவாவது உதவும். படங்களை வழுவழுப்பான ரோல் பேப்பரில் அச்செடுத்துத் தருகிறார்கள். அது சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கிப்போகிற ரகம். சிகிச்சை ஆரம்பித்த பிறகு அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் படமே. நான் போனில் அங்கேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன், நீங்களும் எடுத்துவிடுங்கள். பென் டிரைவ் கொண்டுபோனால் அதில் போட்டுத் தருவதாக அக்கா சொன்னார். இதை டோக்கன் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வாதநோய் டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தினார், என் நெஞ்செரிச்சலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது ஆகாது என்று. வாரம் ஒரு நாள் மட்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட், குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய் அந்த மாத்திரையைக் கேட்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று போட்டு ஆபத்தில் முடிந்தவர்கள் உண்டு. நறநறப்பு இப்போது முன்னைவிடக் குறைவு. ஹூக் கட்டும் வேலையை இன்னும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம்தான் கொடுக்கிறேன், காஜா எடுப்பது மட்டும் நானே.

இன்னொன்று. இந்த ஸ்கேன் கை, கால் அளவோடு சரி. நுரையீரலுக்கு சிடி, ஊதிப் பார்க்கும் சோதனை, இதயத்துக்கு எக்கோ என்று வாதநோய் டாக்டர் எழுதுவதெல்லாம் தனி. மூட்டு ஸ்கேன் நன்றாக வந்துவிட்டது என்று அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. அவை எதுவும் இந்த சென்டரில் இல்லை, கோயம்புத்தூர்தான் போக வேண்டும்.

போகிறவர்களுக்கு: கோத்தகிரியிலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட வேண்டாம், அந்த நேரத்து ஜன்னல் காற்றில் விரல் வெளுத்துவிட்டால் தெளிய நேரம் பிடிக்கும். கையுறையை மாடி ஏறி உட்காரும் வரை கழற்றாதீர்கள். மோதிரம், வளையலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முழங்கால் வரைக்கும் தூக்கிவிடுகிற மாதிரி உடை போடுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் பழைய ஸ்கேனையும் கட்டாயம் கொண்டுபோங்கள், அவர் கேட்பார். வலி மாத்திரையை நிறுத்திவிட்டு வர வேண்டுமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முன்பதிவுக்குப் போன் செய்யும்போது “மூட்டு ஸ்கேன், கையும் காலும், சனிக்கிழமை டாக்டரிடம்” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் ஸ்கேன் என்று சொன்னால் வயிற்று ஸ்கேன் என்று பதிந்துவிடுகிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எடப்பள்ளிக்கார ஐயா ஒருவர் தோள்பட்டை வலிக்காக வந்தவர், அவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.